கரடி ஏத்தத்துக்கு ஒரு சூப்பர்சார்ஜர்

நெல்லிவாசல்நாடு,
9 ஜூன் 2024

அன்புள்ள கோகுல்ராஜ் மாமாவுக்கு,

உங்கள் மச்சான் சின்னராசு எழுதுவது. அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை. எனக்கு ஒரு குறையும் இல்லை, வேளாவேளைக்குக் களியும் திட்டும் கிடைக்கிறது. கோயம்புத்தூரில் நீங்களும் அக்காவும் சுகமா? அக்காவுக்கு வாந்தி நின்றதா என்று அம்மா தினமும் கேட்கிறாள். பதில் எழுதும்போது அதை மறந்தால் எனக்குத்தான் பாட்டு விழும்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதீர்கள். டவர் வேண்டுமானால் பாறை வரைக்கும் நடக்கணும். அங்கேயும் பேச்சு பாதியில் அறுந்துபோகிறது. வண்டி விஷயம் பாதியில் அறுந்தால் என் மரமண்டையில் ஏறாது. எழுதிக் கொடுத்தால் பஸ் கண்டக்டர் திருப்பத்தூரில் தபாலில் போட்டுவிடுவார்.

ஊர் ஆட்களை ஏற்றிப் போகிற என் ஜிப்சி ஜீப்பை வாணியம்பாடி ஆகிப் பாயிடம் வாங்கினேன் அல்லவா? கம்பெனி எக்ஸாஸ்ட்டைக் கழற்றிவிட்டு, அவர் ஆசைக்கு வெளியில் வாங்கிய ஹெட்டரும் (இன்ஜினிலிருந்து புகையை எடுக்கிற குழாய்க்கட்டு) அண்டா மாதிரி ஒரு சைலன்சரும் மாட்டி வைத்திருந்தார். சத்தம் யானை, இழுவை ஆட்டுக்குட்டி. ஆள் நிறைந்தால் கரடி ஏத்தத்துச் செங்குத்தில் மூச்சு வாங்குகிறது. போன மாதம் கோபால்சாமி பெண்டாட்டி ஈஸ்வரிக்கு வலி கண்டு ஏற்றிக்கொண்டு போனேன். ஏத்தத்து நடுவில் வண்டி நின்றுவிட்டது. கூட வந்தவர்கள் இறங்கித் தள்ளினார்கள். தள்ளும்போதே வண்டிக்குள் பிள்ளை பிறந்துவிட்டது. தாயும் பிள்ளையும் பிழைத்தது சாமி புண்ணியம். 

ஐப்பசிக் கடைசியில் அக்காவுக்கு நாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று அம்மா பிடிவாதமாக இருக்கிறாள். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் கரடி ஏத்தம் ஏறணும். ஆம்புலன்ஸ் ஏத்தத்துக்கு அந்தப் பக்கம் வரைக்கும்தான் வரும். உங்கள் பட்டறையில் ஒரு வண்டிக்கு சூப்பர்சார்ஜர் மாட்டியதைக் காட்டினீர்களே, அதுமாதிரி என் வண்டிக்கு எது பொருந்தும் என்று பார்த்துச் சொல்லுங்கள். அக்கா ஏறும்போது யாரும் இறங்கித் தள்ளக்கூடாது.

அக்காவை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லுங்கள்.

அன்புடன்,
சின்னராசு


கோயம்புத்தூர்,
30 ஜூன் 2024

மச்சான் சின்னராசுக்கு,

கோகுல்ராஜ் எழுதிக்கொள்வது. சசிகலா நன்றாக இருக்கிறாள். வாந்தி நின்றுவிட்டது, இப்போது மூன்று வேளையும் மாங்காய் என்று அத்தையிடம் சொல். அத்தை முட்டிக்கு ஒரு தைலம் வாங்கி வைத்திருக்கிறேன்.

சூப்பர்சார்ஜர் கேட்கிற துரை கடைசியாக ஏர் ஃபில்டரைக் கழுவியது எப்போது? கோபித்துக்கொள்ளாதே. உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து அந்த ஏத்தம்தான் கண்ணில் நிற்கிறது. உள்ளே இருந்தது ஈஸ்வரியாக இல்லாமல் சசியாக இருந்திருந்தால் என்று நினைத்துப் பார்த்தேன். தூக்கம் போய்விட்டது.

சூப்பர்சார்ஜர் என்பது இன்ஜினே பெல்ட் போட்டுச் சுற்றுகிற துருத்தி. காற்றை உள்ளே அழுத்தித் தள்ளும். அதில் இரண்டு வகை. ஒன்று, இன்ஜின் வேகம் ஏறினால்தான் ஊதும். ஹைவேயில் பறக்கிறவனுக்கு நல்லது, கரடி ஏத்தத்தில் முதல் கியரில் உருளும்போது அது தூங்கும். மற்றது மிதித்த உடனே இழுக்கும். உனக்கு அதுதான். ஜிப்சி அளவு இன்ஜினுக்குக் கிட் கிடைக்கிறது, நான் விசாரித்துவிட்டேன்.

சிக்கல் உன் ஹெட்டர். இந்தக் கிட்டை கம்பெனி எக்ஸாஸ்ட் இருக்கிற வண்டிக்கு அளவெடுத்துச் செய்திருக்கிறார்கள். ஹெட்டரின் குழாய்கள் விரிந்து நிற்கும், கிட்டின் தாங்கி உட்கார இடம் இருக்காது. வாணியம்பாடி போகும்போது கலீலுல்லா பாய் பட்டறையில் பானட்டைத் திறந்து அளந்து எழுது. அளக்காமல் 'இடம் இருக்குது மாமா' என்று எழுதினாயோ, உதைப்பேன்.

அத்தைக்கு என் வணக்கம்.

கோகுல்ராஜ்


நெல்லிவாசல்நாடு,
21 ஜூலை 2024

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். சாமை விதைத்தாயிற்று. அக்கா மாங்காய் தின்கிறாள் என்றதும் அம்மா உப்பில் ஊறப்போட்டு ஒரு ஜாடி தயார் செய்துவிட்டாள்.

உதைக்குப் பயந்து ஒழுங்காக அளந்தேன். நீங்கள் சொன்னது சரி. தாங்கி வருகிற இடத்தில் ஹெட்டர் முட்டுகிறது. கலீலுல்லா பாய் பார்த்துவிட்டு, "ஹெட்டரு கண்டிப்பா போவணும் தம்பி. பின்னாடி சைலன்சரு இருந்துட்டுப் போவட்டும், ஒரு துண்டு வெல்டு வச்சா குந்திடும்" என்றார். எனக்கு அதுதான் தோது மாமா.

நீங்கள் சந்தவாசல்காரர், மலைக்குக் கீழே சமவெளியில் வாசலிலேயே வண்டி வந்து நிற்கும். எங்கள் வீடுகள் ரோட்டிலிருந்து ஏறிப் போகிற மேட்டில் இருக்கின்றன. கீழே ரோட்டில் ஒரு பலாமரத்தைத் தவிர ஒதுங்க இடம் கிடையாது. அதனால் யாரும் முன்னாடியே வந்து காத்திருக்க மாட்டார்கள். என் வண்டி கரடி ஏத்தத்து உச்சியைத் தாண்டினால் அந்தச் சத்தம் பள்ளம் முழுக்கக் கேட்கும். கேட்ட பிறகுதான் கதவைச் சாத்திக்கொண்டு கிளம்புவார்கள். நோயாளியைத் தூளி கட்டித் தூக்கி வருகிறவர்களும் அப்படித்தான். நான் பலாமரத்தடியில் வண்டியைத் திருப்பி நிறுத்தவும் அவர்கள் இறங்கி வரவும் சரியாக இருக்கும். ஹாரன் அடித்தால் போதாதா என்பீர்கள். வளைவுக்கு வளைவு எல்லா வண்டியும் ஹாரன் அடிக்கிறது, அதை ஒருவரும் காதில் வாங்குவதில்லை.

ஆகவே சைலன்சரை மட்டும் விட்டுவைக்கலாமா? யோசித்து எழுதுங்கள்.

அக்காவைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சின்னராசு


கோயம்புத்தூர்,
8 ஆகஸ்ட் 2024

மச்சானுக்கு,

நாங்கள் நலம். சசிக்குக் கால் லேசாக வீங்குகிறது, டாக்டரம்மா பயப்பட ஒன்றுமில்லை என்றார். வளைகாப்பு முடிந்ததும் நானே கொண்டுவந்து விடுகிறேன்.

கிட் சொல்லியாயிற்று. முதலாளி என் மேல் இருக்கிற பிரியத்தில் வாங்கித் தருகிறார், நீ அதைப் பற்றிப் பேசக்கூடாது. கூடவே கம்பெனி எக்ஸாஸ்ட்டும் கம்பெனி சைலன்சரும் அனுப்புகிறேன். ஆமாம், சைலன்சரும்தான். கலீலுல்லா பாய் சொன்னபடி வெல்டு வைத்தால் பழையது உட்காரும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வேண்டாம். கிட்டுக்கான பெட்ரோல் அளவை நான் கம்பெனிக் குழாய்க்குத்தான் சரிபண்ணி அனுப்புகிறேன். அதைவிட முக்கியமாக, சசிக்கு அந்தச் சத்தம் ஆகாது. நிறைமாத வயிற்றோடு அந்த அண்டாவின் மேல் அவளை உட்காரவைத்துக் கொண்டுபோவாயா? பிள்ளை உள்ளேயே பயந்துவிடும்.

ஊரைக் கூட்ட வண்டி என்ன தமுக்கா? சத்தம் இல்லாமல் நாலு நாள் முணுமுணுப்பார்கள், அப்புறம் பழகிவிடுவார்கள். நீயும் ஊருக்கெல்லாம் ராஜா வருகிற மாதிரி முழங்கிக்கொண்டு வருவதை நிறுத்திவிட்டு அடக்கமாக வரப் பழகு.

அத்தையைக் கேட்டதாகச் சொல்.

கோகுல்ராஜ்


நெல்லிவாசல்நாடு,
22 செப்டம்பர் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

அக்கா சுகமாக இருக்கிறாள். நீங்கள் விட்டுப் போன அன்று கொஞ்சம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள், இப்போது அம்மாவோடு சண்டை போடுகிற அளவுக்குத் தேறிவிட்டாள். அங்கே சாப்பாட்டுக்கு என்ன செய்கிறீர்கள்? கடையில் தின்று உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று எழுதச் சொன்னாள்.

மாமா, வண்டி! கலீலுல்லா பாய் மாட்டிக் கொடுத்த அன்றே ஆட்களை நிரப்பிக்கொண்டு கரடி ஏத்தத்தில் விட்டேன். முதல் கியரைவிட்டு இரண்டாவதில் ஏறியது. உச்சிக்கு வந்து நிறுத்திவிட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது. யாரிடமும் சொல்லாதீர்கள்.

ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை, அவ்வளவு அமைதி. முதல் வாரம் பலாமரத்தடியில் வந்து நின்றால் ஒரு ஆள் கிடையாது. கோபால்சாமி மாமன் ரோட்டில் பார்த்து, "இன்னாடா, வண்டி செத்துப்போச்சா?" என்று கேட்டார். ராஜேஸ்வரி அத்தை சந்தையைக் கோட்டை விட்டுவிட்டு, "நீ வந்ததே தெர்லடா பாவி, வூட்லயே குந்தினு இருந்தேன்" என்று பிடிபிடி என்று பிடித்தாள். இப்போது வண்டியை நிறுத்திவிட்டு மேலே ஒரு நடை வந்து கூப்பிட்டுவிட்டுப் போகிறேன். இளைத்துவிட்டேன், அக்கா சிரிக்கிறாள்.

வேறு விசேஷம் இல்லை. ஐப்பசியில் மழை பிடிக்கும் முன்னே வந்துவிடுங்கள்.

சின்னராசு


கோயம்புத்தூர்,
6 அக்டோபர் 2024

மச்சானுக்கு,

உன் கடிதத்தை முதலாளிக்குப் படித்துக் காட்டினேன். 'உச்சியில் அழுதேன்' என்று எழுதிய இடத்தையும்தான். மன்னித்துக்கொள், பட்டறை முழுக்கச் சிரித்தோம்.

பெல்ட் இறுக்கத்தை வாரம் ஒரு தரம் பார். பெட்ரோலில் கலப்படம் இருந்தால் இன்ஜின் தட்டும், நல்ல பங்க்கில் போடு. தீபாவளிக்கு முன்பே லீவு சொல்லியிருக்கிறேன். வந்ததும் சசியைத் திருப்பத்தூரில் ஆஸ்பத்திரிப் பக்கமாக அறை எடுத்துத் தங்கவைத்துவிடலாம். அதுவரைக்கும் உன் வண்டி இருக்கிறது என்கிற தைரியத்தில்தான் இங்கே தூங்குகிறேன்.

சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று சசியிடம் சொல். பொய்தான், இருந்தாலும் சொல்.

கோகுல்ராஜ்


கோயம்புத்தூர்,
24 நவம்பர் 2024

சின்னராசுக்கு,

அத்தையின் உடம்பு எப்படி இருக்கிறது? சசி ஏதாவது சாப்பிடுகிறாளா? இரத்தம் ஊற டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை தீர்ந்திருக்கும், வாங்கிக் கொடு. போன ஞாயிற்றுக்கிழமை அவளைப் பாறைக்குக் கூட்டிவரச் சொல்லியிருந்தேன். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வந்து வேலைக்குப் போகிறேன். எந்த வண்டியைத் திறந்தாலும் என் கையில் துணியில் சுற்றிக் கொடுத்த பாப்பாதான் ஞாபகம். அவள் முகம் சசி மாதிரி இருந்தது. சசி நான் இருந்த நாளெல்லாம் சுவரைப் பார்த்துத்தான் படுத்திருந்தாள். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் லீவில் வருவதற்குள் வலி முன்கூட்டியே கண்டுவிட்டது, அது யார் கையிலும் இல்லை. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போய்ச்சேரத் தாமதம் ஆகிவிட்டது என்று டாக்டர் சொன்னார். கொஞ்சம் முன்னே வந்திருந்தால் பிள்ளை பிழைத்திருக்கும் என்றார். எங்கே தாமதம் என்று ஊரில் ஒவ்வொருவரிடமும் கேட்டேன். மழை, மழை என்றார்கள். நீ என் கண்ணைப் பார்க்கவே இல்லை.

எனக்குத் தெரிந்தாகணும். மழைத் தண்ணீர் பட்டு பெல்ட் நழுவியதா? ஏத்தத்தில் இழுவை குறைந்ததா? இன்ஜின் தட்டியதா? கிட்டைத் தேர்ந்தெடுத்தது நான். அதில் குறை இருந்தால் மறைக்காதே.

கோகுல்ராஜ்


கோயம்புத்தூர்,
15 டிசம்பர் 2024

சின்னராசுக்கு,

எழுதி மூன்று வாரம் ஆகிறது. பதில் இல்லை. அங்கே எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள் என்றாவது ஒரு வரி எழுதக்கூடாதா?

இதே கிட்டை இங்கே மேஜைமேல் பிரித்துப் போட்டுப் பார்த்துவிட்டேன். பெல்ட்மேல் தண்ணீர் அடித்தும் பார்த்தேன். நழுவவில்லை. அப்படியானால் என்ன நடந்தது?

கோகுல்ராஜ்


நெல்லிவாசல்நாடு,
29 டிசம்பர் 2024

மாமாவுக்கு,

அம்மா இருக்கிறாள். அக்கா கொஞ்சம் கஞ்சி குடிக்கிறாள். மாத்திரை வாங்கிக் கொடுத்தேன்.

வண்டியில் குறை இல்லை. கிட்டிலும் குறை இல்லை. அன்றைக்குக் கரடி ஏத்தத்தை வரும்போதும் போகும்போதும் ஒரே மூச்சில் ஏறியது. நீங்கள் அதைப் போட்டு மனதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். மழை பெரிய மழை. அவ்வளவுதான் மாமா.

வாணியம்பாடி போய், பட்டறையில் போட்டு வைத்திருந்த பழைய சைலன்சரையே மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். ஏன் என்று கேட்காதீர்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சின்னராசு


கோயம்புத்தூர்,
12 ஜனவரி 2025

சின்னராசு,

சுகம் விசாரிக்க எனக்கு மனசு வரவில்லை.

பழைய சைலன்சரை எப்போது மாட்டினாய்? இப்போதா, அல்லது முன்னாடியேவா? கிட்டுக்கு நான் சரிபண்ணிய பெட்ரோல் அளவெல்லாம் கம்பெனிக் குழாய்க்கு என்று படித்துப் படித்துச் சொன்னேன். குழாயை மாற்றினால் கணக்கே மாறிவிடும், ஏத்தத்தில் திணறும். உனக்கு அந்தச் சத்தம்மேல் எவ்வளவு ஆசை என்று ஆரம்பத்திலிருந்தே தெரியும். ஊர் உன்னைக் கண்டுகொள்ளவில்லை என்று மனசு தாங்கவில்லை. செப்டம்பரில் எனக்குக் கடிதம் எழுதிய கையோடு கழற்றி மாட்டிவிட்டாய். அதனால்தான் வண்டி ஏத்தத்தில் நின்றிருக்கிறது. அதனால்தான் நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. அதனால்தான் சசியும் பேசமாட்டேன் என்கிறாள், தம்பியைக் காட்டிக்கொடுக்க மனசில்லாமல்.

நாலு பேர் திரும்பிப் பார்க்கணும் என்பதற்காக என் பிள்ளையைக் கொன்றுவிட்டாய். இனி உன்னை மச்சான் என்று கூப்பிடமாட்டேன். சசியை மட்டும் அனுப்பிவை.

கோகுல்ராஜ்


நெல்லிவாசல்நாடு,
26 ஜனவரி 2025

என்னங்க,

சசிகலா எழுதறேன். எழுந்து நடக்கிறேன். சோறு சாப்பிடறேன். நீங்க இளைச்சுப் போயிருப்பீங்கன்னு அம்மா சொல்றாங்க.

நீங்க சின்னராசுக்கு எழுதின கடிதத்தை அவன் என்கிட்ட காட்டலை. சட்டைப் பையில் வெச்சுக்கிட்டுத் திரிஞ்சான், துவைக்கும்போது எடுத்துப் படிச்சேன். "எழுதாதக்கா, மாமா தாங்கமாட்டாரு, என்னியே தப்பா நெனைச்சுக்கினு போவட்டும்"னு என் காலைப் பிடிச்சுக்கிட்டு அழுதான். அவன்கிட்ட வாயைத் திறக்காதேன்னு முதல்ல சொன்னது நான்தான். இனிமேல் முடியாது. நீங்க அவனைக் கொலைகாரன்னு எழுதிட்டீங்க.

அன்னிக்கு வண்டியில் நீங்க அனுப்பின சைலன்சர்தான் இருந்தது.

காலையில் சின்னராசு சாமை மூட்டை ஏத்திக்கிட்டு ஏத்தத்துக்கு அந்தப் பக்கம் புதூர்நாட்டுக்குப் போயிருந்தான். எனக்கு வலி எடுத்ததும் கோபால்சாமி மாமன் பைக்கில் போய்ச் சொன்னார். மழை பிடிச்சுக்கிச்சு. அம்மா தூளி கட்டித் தயாரா வெச்சிருந்தாங்க. தூக்க ஆளுங்க வாசல்ல நின்னாங்க. எல்லாரும் வழக்கம்போல சத்தத்துக்குக் காத்திருந்தோம். இப்ப வண்டி சத்தம் போடாதுன்னு எங்க யாருக்கும் தெரியாதா? தெரியும். சந்தைக்குப் போறப்ப ஞாபகம் இருக்கும். அந்த வலியில், அந்தப் பயத்தில், ஒருத்தருக்கும் ஞாபகம் வரலைங்க. எத்தனை வருஷப் பழக்கம், காது அதைத்தான் தேடுது. தூக்க வந்த ஒருத்தர், "எதுக்கும் எறங்கிடலாமா"ன்னு கேட்டார். நான்தான், "இன்னும் சத்தம் வர்ல, இப்பத் தூக்காதீங்க, ரோட்டுல மழையில கெடத்தாதீங்க"ன்னு சொன்னேன். நானே சொன்னேன்.

அவன் அதுக்குள்ள வந்துட்டான். பலாமரத்துக்குக் கீழ வண்டியைத் திருப்பி நிறுத்திட்டு ஹாரன் அடிச்சிருக்கான். எனக்கு அது கேட்டுச்சு. ஏதோ வண்டி வளைவுல அடிக்குதுன்னு நினைச்சேன். தினமும் மேல வந்து கூப்பிடறவன் அன்னிக்கு வரலை. மழைன்னா தூளியைச் சுத்துவழியில் கொண்டுவருவாங்க, நாம குறுக்குவழியில் ஏறிப் போனா அவங்க வந்து வெறும் வண்டியைப் பார்த்து நிப்பாங்களேன்னு அங்கேயே நின்னிருக்கான். இதோ வர்றாங்க, இதோ வர்றாங்கன்னு நனைஞ்சுக்கிட்டு நின்னிருக்கான். கடைசியில் பொறுக்கமுடியாம ஓடி வந்தான். வாசல்ல அவனைப் பார்த்ததும் அம்மா, "வண்டி எங்கடா?"ன்னு கேட்டாங்க. "கீழதாம்மா நிக்குது, எப்பவோ வந்துட்டேன், இன்னா பண்ணினு கீறீங்க?"ன்னு கத்தினான். எனக்கு அப்பவே பிள்ளை அசையறது நின்னுபோச்சு.

அதுக்கப்புறம் உங்க வண்டி பறந்துச்சு. ஏத்தத்தில் யாரும் இறங்கித் தள்ளலை.

நீங்க இங்க இருந்தப்ப ஏன் பேசலைன்னா, பேசினா இதைத்தான் சொல்லணும். சொல்லிட்டா நீங்க உயிரோட இருப்பீங்களான்னு பயம். உங்க மேல தப்புன்னு சொல்ல வரலை. தப்பு இல்லைன்னும் என்னால சொல்லமுடியலை. கோபம் இருக்கு. என் மேலயும் இருக்கு. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். சசிக்கு அந்தச் சத்தம் ஆகாதுன்னு எழுதியிருந்தீங்களே, உங்களுக்கு யார் சொன்னது? கல்யாணத்துக்கு முன்ன, தம்பி வண்டியோட திரும்பி வர்ற வரைக்கும் அடுப்படியில் காதைத் தீட்டிக்கிட்டு இருப்பேன். உச்சியில் அது கேட்டாத்தான் எனக்கு மூச்சே வரும்.

என்னை அனுப்பச் சொல்லியிருக்கீங்க. வர இன்னும் மனசு வரலை.

நேரத்துக்குச் சாப்பிடுங்க.

சசிகலா


கோயம்புத்தூர்,
16 பிப்ரவரி 2025

சசி,

உன் கடிதம் கிடைத்தது. அத்தைக்கு நமஸ்காரம். நான் உயிரோடுதான் இருக்கிறேன், பயப்படாதே.

யாரும் சொல்லவில்லை. உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், நீ பக்கத்து அறையில்தான் படுத்திருந்தாய். கேட்கத் தோன்றவில்லை. கர்ப்பிணிக்குச் சத்தம் ஆகாது என்று நானே முடிவுபண்ணிக்கொண்டேன். உனக்கு நல்லது செய்கிறேன் என்று அவ்வளவு சந்தோஷமாக அந்தச் சைலன்சரைப் பெட்டியில் வைத்துக் கட்டினேன். சின்னராசு அத்தனை விளக்கமாக எழுதியிருந்தான். தமுக்கா என்று கேலிபண்ணி அவன் வாயை அடைத்தேன். கலீலுல்லா பாயும் இருக்கட்டும் என்றார். பாப்பா போனதற்கு நீ காரணம் இல்லை சசி. ஊர் வழக்கப்படி நீ சரியாகத்தான் சொல்லியிருக்கிறாய். கெடுத்தவன் நான். அதை இனி நீ உன் தலையில் போட்டுக்கொள்ளாதே.

சின்னராசுக்கு எழுத உட்கார்ந்தேன். 'மச்சானுக்கு' என்று எழுதியதற்கு மேல் கை ஓடவில்லை. நேரில் வந்துதான் மன்னிப்புக் கேட்கணும். அவன் அடித்தால் வாங்கிக்கொள்கிறேன்.

மாசி பிறந்துவிட்டது, வருகிற ஞாயிற்றுக்கிழமை மதிய பஸ்ஸில் வருகிறேன். யாரும் எதிரில் வரவேண்டாம், வண்டியும் அனுப்பவேண்டாம். நான் நடந்து மேலே வருகிறேன். உனக்கு என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் உள்ளேயே இரு, கட்டாயப்படுத்தமாட்டேன். பாப்பாவைப் புதைத்த இடத்தில் கொஞ்சநேரம் இருந்துவிட்டுச் சாயங்கால பஸ்ஸில் திரும்பிவிடுவேன்.

அன்றைக்கு அவசர அவசரமாக அடக்கம் பண்ணிவிட்டோம். நான் அவளை எதைச் சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் வந்துவிட்டேன். நீ அவளுக்கு என்ன பேர் நினைத்து வைத்திருந்தாய்? அத்தையிடமாவது சொல்லி வை.

கோகுல்ராஜ்